ஊட்டி ஏரி ஏன் நாறுகிறது, என்ன செய்தால் நிற்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடப்பமந்து கால்வாய் ஏரியில் சேரும் பக்கமாகப் போகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள், அப்புறம் ஏதாவது கேட்பார்கள். நான் இந்த ஊரில் குழாய் வேலையும் சாக்கடை லைன் வேலையும் பார்க்கிறவன். அதனால் அந்தக் கேள்விகளில் பாதி என்னிடம்தான் வந்து சேருகிறது. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஊட்டியைப் பற்றித்தான். கொடைக்கானல்காரர்களும் கேட்பதால் அங்கங்கே கொடையும் வரும்.

ஏரிக்குள் சாக்கடை எங்கிருந்து வருகிறது?

ஊருக்குள்ளிருந்து. ஊட்டி ஒரு கிண்ணம் மாதிரியான நிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் சரிவு, நடுவில் பள்ளம், பள்ளத்தின் கடைசியில் ஏரி. மேலே எல்க் ஹில் சரிவிலோ தொட்டபெட்டா ரோட்டுப் பக்கமோ ஒருவர் பாத்திரம் கழுவி ஊற்றினால், தடுக்க எதுவும் இல்லாவிட்டால் அது கீழே வந்துதான் தீரும். வருகிற வழிகளில் பெரியது கோடப்பமந்து கால்வாய். மழைத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டிய கால்வாய் அது. இரண்டு கரையிலும் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் பின்பக்கச் சுவரிலிருந்து நான்கு அங்குலக் குழாய்கள் கால்வாயை எட்டிப் பார்க்கின்றன. மழைநீர்க் குழாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

இந்த ஏரி எப்போதாவது சுத்தமாக இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது. அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரையான ஆண்டுகளில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி இது. மீன் வளர்த்தார்கள், அக்கரைக்குப் படகில் போனார்கள். இன்றைக்கு இருப்பது சுமார் 65 ஏக்கர். அன்றைக்கு இதைவிட எவ்வளவோ பெரியது. பஸ் ஸ்டாண்டும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கின்றன. ஏரி சுருங்கிக்கொண்டே வந்தது, ஊர் பெருகிக்கொண்டே வந்தது. கொஞ்சத் தண்ணீரில் நிறையச் சாக்கடை விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

நாங்கள் குடிக்கிற தண்ணீரும் இதிலிருந்துதானா?

இல்லை. ஊட்டிக்குக் குடிநீர் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா போன்ற மேட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. ஆனால் ஏரியில் நிறைந்து வழிகிற தண்ணீர் காமராஜ் சாகர் பக்கம் போகிறது. அதோடு, நீலகிரியின் பெரும்பாலான ஓடைகள் கடைசியில் மாயாற்றிலோ பவானியிலோதான் சேர்கின்றன. இரண்டும் பவானிசாகரில் கலக்கின்றன, பிறகு கூடுதுறையில் காவிரியோடு சேருகின்றன. நமக்குக் கழிவுநீராக இருப்பது கீழே யாருக்கோ குடிநீரில் சேருகிறது.

வருஷா வருஷம் ஆகாயத்தாமரை எடுக்கிறார்கள், அவ்வப்போது தூர்வாருகிறார்கள். அப்படியும் ஏன் போதவில்லை?

என்னைக் கேட்டால் ஏரி விஷயத்தில் நாம் ஏமாறுகிற இடமே இதுதான். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது தீயைக் குறைக்காமல் மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகாயத்தாமரை நோய் இல்லை, நோயின் அடையாளம். மலம், சிறுநீர், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன. செடிக்கு அவை உரம். ஒரு கிராம் பாஸ்பரஸ் ஏரிக்குள் போனால் அது சுமார் 100 கிராம் பாசியை, அதுவும் காய்ந்த எடையில், வளர்த்துவிடும். ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. வெயிலும் உரமும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். ஜனவரி உறைபனியில் இலை கருகிப் போகும், பார்ப்பதற்கு ஏரி சுத்தமானது போலிருக்கும். மார்ச்சில் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது.

எடுத்த செடியை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பல ஊர்களில் கரையிலேயே குவித்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நாலு மழையில் அழுகி, தின்ற உரத்தையெல்லாம் கக்கி, மறுபடி ஏரிக்கே அனுப்பிவிடும். எடுத்த அன்றே லாரியில் ஏற்றி உரக்கிடங்குக்குக் கொண்டுபோகாவிட்டால் எடுத்ததும் ஒன்றுதான், எடுக்காததும் ஒன்றுதான்.

தூர்வாருவதும் இப்படித்தான். பல வருஷமாகப் படிந்த கருப்புச் சேற்றில் பாஸ்பரஸ் கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அது கரைந்து மேலே வரும். ஆகவே சேற்றை எடுப்பது தேவையான வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே குழாய்களை அடைக்காமல் கீழே சேற்றை எடுத்தால், அடுத்த சேற்றுக்கு இடம் செய்து கொடுத்ததாகத்தான் அர்த்தம். ஒப்பந்தக்காரருக்கு அதில் வருத்தம் இருக்காது.

கெட்ட முட்டை நாற்றம் எதனால்? குமிழி குமிழியாக வருகிறதே?

கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்கின்றன. அவை வெளியே விடுவது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும். குமிழி பெரும்பாலும் மீத்தேன், நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. ஏப்ரல், மே மாதங்களில் நாற்றம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் வரத்து குறைவு, வெயில் அதிகம், ஊருக்குள் ஆள் கூட்டமும் அப்போதுதான் அதிகம். மலர்க் கண்காட்சி நேரத்தில் வந்து பார்க்கிறவர்கள் ஏரியை அதன் மோசமான முகத்தோடு பார்க்கிறார்கள்.

பாதாள சாக்கடை போட்டிருக்கிறார்களே, அப்புறமும் ஏன்?

ரோட்டில் பாதாள சாக்கடை லைன் ஓடுவது வேறு, உங்கள் வீட்டுக் கழிவுநீர் அதில் சேருவது வேறு. நடுவில் இருக்கிற பத்தடிக் குழாயில்தான் பாதி ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மலையில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. ரோட்டுக்கு மேலே இருக்கிற வீடுகளுக்குச் சுலபம், சரிவில் தானாக இறங்கிவிடும். ரோட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கு லைன் தலைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறாது. மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இன்னொரு லைன் போட்டு ஓடை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். பள்ளத்து லைனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நிலம் விட வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் குழாய் ஓடைக்குத் திரும்பிவிடுகிறது. இதற்காக வீட்டுக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சரிவுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கு வழி கொடுக்காத திட்டம் அரைத் திட்டம்தான்.

இன்னொன்று, மழைத் தண்ணீர். கூரைத் தண்ணீரை விட வேறு இடம் இல்லை என்று பல வீடுகளில் அதையும் பாதாள சாக்கடைச் சேம்பரிலேயே இறக்கிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் செய்தால் தெரியாது. ஒரு தெருவே செய்தால், ஜூலை மழையில் கீழ்த்தெரு மேன்ஹோல் மூடி எகிறும். மூடிக்கு வெளியே வந்த தண்ணீர் எங்கே போகும்? கால்வாய்க்கு. கால்வாயிலிருந்து ஏரிக்கு. உங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கக்கூஸ் தண்ணீரை ஏரிக்குத் தள்ளிவிடுகிறது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நடக்கிறது.

எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது. நாங்கள் தப்பித்தோமா?

டேங்கைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டி நெறி. கட்டிய நாளிலிருந்து திறக்கவே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷமாக நிறையாத டேங்க் என்றால் அது நல்ல டேங்க் இல்லை, அடியில் ஓட்டை உள்ள டேங்க். அல்லது டேங்கின் வெளிவாய் நேராக ஓடையில் திறந்திருக்கிறது.

சமவெளியில் உறிஞ்சு குழியில் விட்ட தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும். இங்கே சரிவு. கொஞ்ச ஆழத்திலேயே பாறையோ இறுகிய மண்ணோ வந்துவிடும். தண்ணீர் பக்கவாட்டில் நடந்து, கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரமாக எட்டிப் பார்க்கும். தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் இப்படி ஊறி நிற்கிற தண்ணீர் மண்சரிவுக்கும் ஒரு காரணம், அதையும் மறக்கக் கூடாது.

டேங்கை எடுக்க லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை ஆள் வைத்து அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி அது குற்றம், விஷவாயுவில் உயிரே போய்விடும். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் வழியில் ஏதாவது வளைவில் திறந்துவிட்டால், உங்கள் டேங்க் சுத்தமாயிற்று, ஓடை அழுக்காயிற்று, அவ்வளவுதான்.

நான் லாட்ஜும் சின்ன ரெஸ்டாரெண்டும் வைத்திருக்கிறேன். சீசனில் மட்டும் லைன் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

முதலில் கணக்குப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு அரசு வைத்திருக்கிற அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும். 100 பேர் தங்கினால் கிட்டத்தட்ட 10,800 லிட்டர், ஒரே நாளில். எட்டுப் பேர் குடும்பத்துக்குக் கட்டிய டேங்கை வைத்துக்கொண்டு வீட்டை காட்டேஜ் ஆக்கியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் மே மாதத்தில் என்னைத் தேட வேண்டியிருக்காது.

அடைப்புக்கு முக்கியக் காரணம் எண்ணெய். இங்கே ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. டால்டாவும் பாமாயிலும் அதே கதைதான். சமையலறையில் சூடாக ஊற்றும்போது தண்ணீர் போல ஓடும். மண்ணுக்குள் குளிர்ந்த குழாயைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு ஹோட்டல் பின்பக்கம் ஆறு அங்குலக் குழாயை அறுத்துப் பார்த்தபோது நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, சோப்புக்கட்டி போன்ற கொழுப்பு. அதில் முடியும் பருக்கையும் டீத்தூளும் பதிந்து கிடந்தன. அடைத்துக்கொண்டதும் சமையல்காரர் சும்மா இருப்பாரா? ஒரு துண்டுக் குழாயை மாட்டிக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிடுவார். சீசன் முடிந்ததும் அதைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சிங்க்குக்கு வெளியே எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று வையுங்கள். மூன்று அறை உள்ளது நல்லது. எண்ணெய் மேலே மிதக்கும், வாரத்தில் இரண்டு முறை கரண்டியால் அள்ளி எடுக்க வேண்டும். தொட்டி வைத்துவிட்டு அள்ளாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பஜ்ஜி பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் விடவே கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி அடிக்கடி சுட்ட எண்ணெயைச் சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. பயோடீசல் செய்கிறவர்கள் அதைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள்.

குளிரில் சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்யாது என்கிறார்களே?

வேலை செய்யும், மெதுவாகச் செய்யும். கழிவைத் தின்பது நுண்ணுயிர்கள். 10 டிகிரி வெப்பம் குறைந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அமோனியாவை மாற்றுகிற வகைகளுக்குக் குளிர் இன்னும் ஆகாது. சென்னைக்குப் போட்ட அதே அளவுத் தொட்டியை இங்கே போட்டால் டிசம்பரில் பாதி வெந்த தண்ணீர்தான் வெளியே வரும். அதனால் மலை ஊரில் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே தங்குகிற நேரம் கூட வேண்டும். செப்டிக் டேங்குக்கும் இதே நியாயம்தான். கடையில் விற்கிற பாக்டீரியா பொடியைப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். குறைவது பாக்டீரியா அல்ல, வெப்பமும் நேரமும்தான்.

காந்தலில் இருக்கிற ஊட்டிச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்த நிலையமானாலும் வெளியே விடுகிற தண்ணீருக்கு நாடு முழுக்க உள்ள பொது அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம் பிஓடி. பிஓடி என்றால் அந்தக் கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்கிற கணக்கு. குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு அது 3-க்குள் இருக்க வேண்டும். ஆக, சுத்திகரித்த தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏரியில் விட முடியாது. கூழாங்கல் படுகையில் நாணலும் கல்வாழையும் வளர்த்து அதன் வழியாக ஒருமுறை ஓடவிட்டு அனுப்பினால் நன்றாகத் தெளியும். இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

எந்தக் குழாயில் சாக்கடை வருகிறது, எதில் மழைத் தண்ணீர் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் மழை இல்லாத நேரம் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கால்வாய் ஓரம் நடந்து போங்கள். மழைநீர்க் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் விழுகிற குழாய் எல்லாம் வீட்டுக் குழாய்தான். வெதுவெதுப்பாக ஆவி வந்தால் குளியலறை, நுரை வந்தால் துணி, வெள்ளையாக நூல் நூலாகப் பாசி தொங்கினால் நாள்பட்ட சாக்கடை. ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் ஒரு எண் போட்டு, போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று சந்தேகமா? வீட்டுக்காரர் சம்மதத்தோடு கக்கூஸில் சாப்பாட்டு நிறச் சாயம் ஒரு கைப்பிடி கரைத்து ஊற்றித் தண்ணீர் விட வேண்டும். ஒருவர் சேம்பரில் நிற்க வேண்டும், ஒருவர் கால்வாயில். சாயம் எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கேதான் போகிறது. ஒருமுறை மேல்தெருவில் ஊற்றிய சிவப்பு, நாங்கள் காத்திருந்த குழாயை விட்டுவிட்டு இரண்டு கட்டடம் தள்ளி வந்தது. அந்தக் கட்டடத்துக்காரருக்கே தன் நிலத்துக்கு அடியில் பழைய கல் சாக்கடை ஒன்று ஓடுவது தெரியாது. ஊருக்கு முழு வரைபடம் போட்டால் இதுபோல எத்தனை வெளியே வருமோ.

நகராட்சி செய்ய வேண்டிய முதல் வேலை இந்த வரைபடம்தான் என்பேன். செலவு மிகக் குறைவு. ஒரு சீசன் இல்லாத மாதம் போதும்.

காரட் கழுவுகிற தண்ணீரும் காரணமா?

ஊட்டி ஏரிக்குப் பெரிய காரணம் அது இல்லை. கேத்தி பள்ளத்தாக்கு, முத்தோரை பாலாடா பக்கத்து ஓடைகளுக்கு அது பெரிய காரணம். கழுவும் எந்திரத்திலிருந்து செம்மண் குழம்பு நேராக ஓடையில் விழுகிறது. மண்ணோடு உரமும் மருந்தும் போகின்றன. இரண்டு தொட்டி கட்டி மண்ணைப் படியவிட்டு, மேல்தண்ணீரை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம். படிந்த மண்ணைத் தோட்டத்துக்கே திருப்பிப் போடலாம். மலைச்சரிவில் மேல்மண் எவ்வளவு மதிப்பு என்று தோட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படகும் குதிரையும்?

மிதிபடகால் கெடுதல் இல்லை. பழைய வகை இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கைத் தண்ணீரிலேயே விடும், அதை பேட்டரிக்கு மாற்றினால் முடிந்தது. குதிரைச் சாணத்தை மழைக்கு முன் கூட்டி அள்ள ஆள் வேண்டும். இரண்டும் சின்ன விஷயம். ஆனால் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், குதிரைக்காரர்கள்தான் திட்டு வாங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குழாய்க்காரர் நிம்மதியாக இருக்கிறார்.

பிளாஸ்டிக் தடையால் பலன் இருக்கிறதா?

இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தடை வந்தது. நீலகிரியில் அதற்கு முன்பே கெடுபிடி உண்டு. அதே வருஷம் இங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் தடையானது, தண்ணீர் ஏடிஎம்கள் வந்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது டாஸ்மாக் பாட்டில் திட்டம். 2022 மே மாதம் முதல் இங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். புத்திமதி சொல்லித் திருந்தாதவர்கள் 10 ரூபாய்க்குத் திருந்தினார்கள். தான் குடித்த பாட்டிலைத் தூக்கி எறிந்தாலும் இன்னொருவர் பொறுக்கிக் காசாக்கிக்கொள்கிறார்.

ஆனால் பாட்டில் குறைந்தால் ஏரி பார்க்கத்தான் நன்றாக இருக்கும். நாற்றம் போகாது. குப்பையும் சாக்கடையும் வேறு வேறு வேலை.

வண்டிகளைக் குறைத்தால் சரியாகுமா?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சீசன் நாட்களில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கு 4,000, 6,000. கடைக்காரர்களுக்கு இதில் கோபம் உண்டு, அது நியாயமும்தான். கழிவுநீர்க் கணக்கில் மட்டும் பார்த்தால், உச்ச நாளின் சுமை குறைவது நல்லது. டேங்கும் லைனும் வழிவது அந்த உச்ச நாட்களில்தான். ஆனால் மற்ற நாட்களிலும் கால்வாயில் சாக்கடை ஓடுகிறதே, அதை ஊர்க்காரர்களாகிய நாம்தான் விடுகிறோம்.

தூத்துக்குடி, சென்னை மாதிரி துறைமுக ஊர்களுக்கும் இது பொருந்துமா?

துறைமுகத்துக்குத் தனிப் பிரச்சினைகள் உண்டு. கப்பலின் அடித்தளத்தில் சேருகிற எண்ணெய்த் தண்ணீர், கப்பல் குப்பை, எடைக்காக ஏற்றி வருகிற பிறநாட்டுக் கடல்நீர், கப்பல் அடியில் பூசுகிற நச்சுப் பெயிண்ட். இவற்றுக்கு, கப்பலால் கடல் கெடுவதைத் தடுக்கிற மார்போல் உள்ளிட்ட சர்வதேச ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வெள்ளீயம் (டின்) கலந்த மோசமான பெயிண்டை 2008-லிருந்து தடுத்துவிட்டார்கள். கப்பல் கழிவை வாங்கிக்கொள்ளத் துறைமுகத்தில் வசதி இருக்க வேண்டும் என்பதும் விதி. வசதி இல்லாவிட்டாலோ கட்டணம் கண்ணைக் கட்டினாலோ கப்பல்காரர் வெளிக்கடலில் திறந்துவிடுவார், நம் செப்டிக் டேங்க் லாரிக்காரர் வளைவில் திறந்துவிடுவதைப் போலவே.

ஆனால் துறைமுகத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு பல ஊர்களில் கப்பல் இல்லை, ஊர்ச் சாக்கடை. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் நாட்டிலேயே அழுக்கானது என்று பெயர் வாங்கியிருந்தது. வழக்குப் போட்டு, நீதிமன்றம் கெடு வைத்து வேலை வாங்கியது. சாக்கடைக் கசடைத் துறைமுகத்தில் விடுவதை 1991-ல் நிறுத்தினார்கள். புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 2000-ல், சுத்திகரித்த தண்ணீரை 15 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விட சுரங்கக் குழாய் திறந்தார்கள். துறைமுகத்துக்குள் இறங்கி யாரும் துறைமுகத்தைக் கழுவவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மழைநாளில் சாக்கடை வழிந்து துறைமுகத்தில் விழுவதுதான் தொந்தரவு. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க நிலத்தடித் தொட்டிகள் கட்டி, வழியும் வாய்களை மூடினார்கள். 2002-ல் துறைமுகத்திலேயே மக்கள் குளிக்க இடம் திறந்தார்கள். நம் ஜூலை மேன்ஹோல் கதைக்கு அதுதான் வைத்தியம். பெரிய தொட்டி கட்டப் பணம் இல்லை என்றால், கூரைத் தண்ணீரைச் சாக்கடையிலிருந்து பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீரில் விழுந்த பிறகு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் எண்ணூரே சாட்சி. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது.

கொடைக்கானல் ஏரியில் பாதரசம் இருப்பது உண்மையா? அங்கே தூர்வாரலாமா?

உண்மை. ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவில் சுமார் 290 டன்னை 2003-ல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஏரி நீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம் வண்டலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதுதான் மீனுக்குள் ஏறுகிற வடிவம். அதாவது சாக்கடை விட்டு ஏரியின் ஆக்சிஜனைத் தீர்ப்பது, பழைய பாதரசத்துக்கும் வாசல் திறந்துவிடுவது.

1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி அது, நிறைந்தால் வெள்ளி அருவியாகக் கீழே இறங்குகிறது. அங்கே சேற்றைக் கிளறுவதற்கு முன் பல இடங்களில் வண்டலை எடுத்துச் சோதிக்க வேண்டும், எடுத்த சேற்றை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தோட்டத்துக்கு இலவச வண்டல் என்று அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது.

நகராட்சியிடம் பணம் கொஞ்சம்தான். எதை முதலில் செய்வது?

குழாய் வரைபடம். அப்புறம், லைன் பக்கத்திலேயே இருந்தும் இணைப்பு எடுக்காத பெரிய கட்டடங்கள். ஒரு லாட்ஜை இணைத்தால் பல வீடுகளை இணைத்த பலன், அபராதம் போடவும் சட்டம் இருக்கிறது, 1974 நீர்ச் சட்டமே போதும். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தைத் தவணையாகவோ இலவசமாகவோ கொடுத்துவிடலாம். இணைப்புக்குக் கேட்கிற காசைப் பார்த்துத்தான் பலர் கால்வாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லைன் போகவே முடியாத பள்ளத்துத் தெருக்களுக்குப் பொது டேங்கும் நேரம் தவறாத லாரியும். கோடையில் மட்டும் கால்வாய்த் தண்ணீரை ஏரிக்கு முன்னால் மறித்துச் சுத்திகரிப்புக்குத் திருப்பிவிடலாம். அது தற்காலிக ஏற்பாடு, பெருமழையில் உதவாது, ஆனால் சீசன் நாற்றம் குறையும். தூர்வாருவதும் நீரூற்று வைப்பதும் கரையில் விளக்குப் போடுவதும் இதற்கெல்லாம் பின்னால்தான். நடைமுறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது, ஏனென்றால் மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் வீட்டுச் சேம்பர் மூடியை முதலில் திறந்து பாருங்கள். கூரைக் குழாய் அதில் இறங்குகிறதா, டேங்கின் வெளிவாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏரியை எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு வரி வரும். எங்கள் வார்டில் சொத்துவரி கட்டும் கட்டடங்கள் எத்தனை, அவற்றில் பாதாள சாக்கடை இணைப்பு உள்ளவை எத்தனை என்று கேளுங்கள். போன வருஷம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதவாரியாக எத்தனை லோடு செப்டிக் கழிவு வந்தது, வெளியே விட்ட தண்ணீரின் பிஓடி என்ன என்று கேளுங்கள். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சக் கழிவு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாளோடும் நீங்கள் எடுத்த குழாய்ப் படங்களோடும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.